எந்தப் பார்ட்டிஷனில் இயங்குதளத்தை நிறுவுவது?

விண்டோஸோ லினக்ஸோ முதன்முறையாகப் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலான திரைகள் பயம் தருவதில்லை. மொழியைத் தேர்ந்தெடு, விசைப்பலகையைத் தேர்ந்தெடு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட். ஒரே ஒரு திரையில்தான் கை நின்றுவிடும். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டுவிட்டு நாலைந்து வரிகளை நீட்டும். ஒவ்வொரு வரியும் ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்த ஒரு துண்டு. ஒன்று 100 எம்பி, இன்னொன்று 16 எம்பி, வேறொன்று 200 ஜிபி. பழகிய சி, டி என்ற எழுத்துகளை அங்கே காணவே காணோம். மற்ற திரைகளில் எதைத் தப்பாக அழுத்தினாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இங்கே தப்பான வரியை அழித்தால் அதற்குள் இருந்த ஃபோட்டோக்களும் கோப்புகளும் சேர்ந்தே போகும்.

அதனால் அந்தத் திரைக்கு வந்த பிறகு யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். எந்த டிஸ்க், எந்தப் பார்ட்டிஷன், எவ்வளவு இடம் என்பதை எல்லாம் கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்மானித்துவிட்டால், இன்ஸ்டாலரில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலைதான்: ஏற்கெனவே முடிவு செய்த வரியைக் கண்டுபிடித்துச் சொடுக்குவது.

முதலில் தாளும் பேனாவும்

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை வலச்சொடுக்கினால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் திறந்தால், கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு நீளப் பட்டையாகவும், அதற்குள் பார்ட்டிஷன்கள் கட்டம் கட்டமாகவும் தெரியும். கடையில் 512 ஜிபி என்று சொல்லி வாங்கிய எஸ்எஸ்டி இங்கே சுமார் 476 ஜிபி என்று நிற்கும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. ஒரு டிபி டிஸ்க் 931 ஜிபி என்று தெரிவதும் இதனால்தான்.

பார்த்ததை அப்படியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் சரி. டிஸ்க் 0, முதல் கட்டம் 100 எம்பி, அடுத்து சி 200 ஜிபி, அப்புறம் 700 எம்பிக்கு ரெகவரி, கடைசியில் டி 275 ஜிபி என்கிற மாதிரி. இதில் முக்கியமானது எழுத்து அல்ல, அளவு. சி, டி என்பதெல்லாம் இப்போது ஓடும் விண்டோஸ் தன் வசதிக்கு ஒட்டிய பெயர்கள். வெளியிலிருந்து இன்ஸ்டாலரைப் பூட் செய்தால், அதாவது பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கினால், அந்த எழுத்துகள் இல்லாமலும் போகலாம், மாறியும் வரலாம். அளவு மட்டும் மாறாது.

இரண்டு பார்ட்டிஷன்களின் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இப்போதே பெயர் வைத்துவிடுங்கள். டிரைவை வலச்சொடுக்கி 'ரீநேம்' கொடுத்து, கோப்புகள் இருப்பதற்கு 'டேட்டா' என்றும் மற்றதற்கு வேறு பெயரும் கொடுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் பார்ட்டிஷன் எண்ணோடு இந்தப் பெயரையும் காட்டும். அரை நிமிட வேலை, பெரிய நிம்மதி.

கணினி பூட்டே ஆகவில்லை, இனி புதிதாகப் போட்டால்தான் ஆச்சு என்ற நிலை என்றால்? உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமல் 'டிரை' முறையில் ஓட்டுங்கள். ஜிபார்ட்டெட் போன்ற கருவி அதே படத்தைக் காட்டும். உயிரோடு இருக்கும் கோப்புகளை அங்கிருந்தே வெளி டிஸ்க்குக்கு நகலும் எடுத்துவிடலாம்.

பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லிவிடுகிறேன். அதைவிட அதிகம் பேர் மறப்பது, டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி. விண்டோஸ் 11 வந்த பல மடிக்கணினிகளில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பார்ட்டிஷனிலோ பூட் அமைப்பிலோ கை வைத்ததும், அடுத்த முறை நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை எடுத்து அதே தாளில் எழுதிவையுங்கள்.

எந்த டிஸ்க்?

எஸ்எஸ்டியும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டும் இருந்தால் யோசனையே வேண்டாம், இயங்குதளம் எஸ்எஸ்டிக்குத்தான். பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் அங்கங்கே இருந்து படிக்கப்படுகின்றன. ஹார்ட் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஊசியை நகர்த்தி, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டிக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. எது எந்த டிஸ்க் என்று தெரியாவிட்டால், டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு டிஸ்க்கின் கீழும் எஸ்எஸ்டி, எச்டிடி என்று போட்டிருக்கும்.

ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது என்றால், பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் பார்ட்டிஷனைக் கொடுங்கள். தட்டின் வெளி விளிம்பிலிருந்துதான் பொதுவாக எண்ணிக்கை தொடங்குகிறது, ஒரு சுற்றில் அங்கே அதிகத் தகவல் அடங்கும் என்பதால் வேகம் கூடுதல். எஸ்எஸ்டியில் இந்தக் கணக்கு செல்லாது. எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

எவ்வளவு இடம்?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது, உபுண்டு டெஸ்க்டாப்புக்கு 25 ஜிபி என்று அதன் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே உள்ளே நுழைவதற்கான அளவு, வாழ்வதற்கானது அல்ல. விண்டோஸ் தன் அப்டேட்களுக்கென்று சில ஜிபியைத் தனியாக ஒதுக்கி வைக்கும். கணினி உறங்கப் போகும்போது ரேமில் இருப்பதை எழுதிவைக்கும் ஹைபர்னேஷன் கோப்பு ரேமின் அளவில் கணிசமான பங்கை எடுக்கும். ரேம் போதாதபோது உதவும் பேஜ் ஃபைல் வேறு. இதற்கு மேல் நீங்கள் போடும் மென்பொருள்கள். என் கணக்கில் விண்டோஸுக்கு 150 ஜிபி, லினக்ஸுக்கு 50 ஜிபி இருந்தால் கொஞ்ச காலம் இந்தப் பக்கமே திரும்ப வேண்டியிருக்காது. பெரிய கேம்கள் விளையாடுகிறவர் இந்த எண்ணை மறந்துவிட்டு, கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்துவிடலாம்.

சி டிரைவுக்கு முதலிலேயே தாராளமாகக் கொடுங்கள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இப்போது 80 ஜிபி கொடுப்போம், பத்தாவிட்டால் டி-யிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அது நடக்காது. ஒரு பார்ட்டிஷனைப் பெரிதாக்க வேண்டுமென்றால் காலி இடம் அதன் வலப்பக்கத்தில் ஒட்டியபடி இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் உண்டாவது டி-யின் வலது முனையில். சி-க்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவே டி முழுசாக உட்கார்ந்திருக்கும், பல கணினிகளில் ரெகவரி பார்ட்டிஷனும் கூடவே. சி-யை வலச்சொடுக்கினால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகத் தெரியும், சொடுக்கவே முடியாது. ஜிபார்ட்டெட் போன்ற கருவியால் டி-யை அப்படியே நகர்த்தலாம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான ஜிபியை இடம் மாற்ற மணிக்கணக்கில் ஆகும், நடுவில் மின்சாரம் போனால் டி-யில் இருந்தவை கைவிட்டுப் போகலாம்.

அப்படியானால் சி, டி என்று பிரிக்கத்தான் வேண்டுமா? ஒருவர் மட்டும் பயன்படுத்தும் 256 ஜிபி மடிக்கணினியில் பிரிக்காமல் ஒன்றாகவே விடுவதுதான் நல்லது என்பேன். பிரித்தால் ஒரு பக்கம் நிரம்பி வழியும், இன்னொரு பக்கம் காலியாகக் கிடக்கும். பெரிய டிஸ்க்கில் டேட்டாவுக்குத் தனிப் பார்ட்டிஷன் வைப்பதில் ஒரு லாபம் உண்டு: விண்டோஸை மறுபடி போடும்போது டி-யைத் தொடாமல் வேலையை முடிக்கலாம். ஆனால் 'டி-யில்தான் வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கும்' என்கிற நம்பிக்கை மட்டும் வேண்டாம். வரப்பு போட்டதால் வயல் இரண்டாகிவிடாது. டிஸ்க் பழுதானால் சி-யும் டி-யும் சேர்ந்தேதான் போகும்.

இடத்தைக் காலி செய்தல்

இருக்கும் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் இன்னொரு இயங்குதளம் போடுகிறவர்களுக்கு மட்டும் இந்தப் படி. பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒரே பார்ட்டிஷனில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்க முடியாது. இரண்டாவதற்கென்று தனி இடம் வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யையோ டி-யையோ வலச்சொடுக்கி 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பி கணக்கில் கேட்கும். 100 ஜிபி வேண்டுமென்றால் 102400 என்று எழுதுங்கள். சரியாக 100 ஜிபி காலி இடம் கறுப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்று தோன்றும். இன்ஸ்டாலரில் தேட வேண்டிய வரி இதுதான்.

தோன்றிய இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். கை சும்மா இருக்காமல் 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து எழுத்து ஒட்டி ஃபார்மட் செய்துவைக்கிறவர்கள் நிறையப் பேர். லினக்ஸ் அந்தக் காலி இடத்தைத்தான் தேடுகிறது. அதில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகைப் பார்ட்டிஷன் இருந்தால் 'காலி இடம் இல்லை' என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

சி-யில் 120 ஜிபி காலியாக இருந்தும் 8 ஜிபிதான் குறைக்க முடியும் என்று சில நேரம் அடம்பிடிக்கும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் பதிவுகள் போன்ற நகர்த்த முடியாத கோப்பு ஏதாவது பார்ட்டிஷனின் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருக்கும். இந்த மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். இல்லையென்றால் டி-யைச் சுருக்குங்கள். அங்கே இந்தத் தொல்லை வழக்கமாக இருக்காது.

ஜிபிடியா, எம்பிஆரா?

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். டிஸ்க்கில் பார்ட்டிஷன் பட்டியலை எழுதி வைக்கும் முறைகள் இவை. பழைய எம்பிஆரில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்கள்தான் முடியும், 2 டிபிக்கு மேல் எட்டாது. விண்டோஸ் ஜிபிடியில் 128 வரை அனுமதிக்கிறது. கணினி யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆனால் விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கைத்தான் ஏற்கும், பழைய பயாஸ் முறையில் பூட் ஆனால் எம்பிஆரைத்தான் ஏற்கும். 'இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது' என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் பென் டிரைவைத் தப்பான முறையில் பூட் செய்ததுதான் காரணமாக இருக்கும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரியலாம், ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் உண்மையிலேயே எம்பிஆர் என்றால், விண்டோஸ் 10, 11-உடன் வரும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவி கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். அதை பேக்கப் இல்லாமல் செய்ய வேண்டாம்.

விண்டோஸ் இன்ஸ்டாலரின் திரை

சரி, இப்போது அந்தத் திரை. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணினியில் இப்படி இருக்கும்: டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, 100 எம்பி, சிஸ்டம். பார்ட்டிஷன் 2, 16 எம்பி, எம்எஸ்ஆர் (விண்டோஸ் தனக்கென ஒதுக்கிவைப்பது). பார்ட்டிஷன் 3, 200 ஜிபி, பிரைமரி. பார்ட்டிஷன் 4, 700 எம்பி, ரெகவரி. பார்ட்டிஷன் 5, 275 ஜிபி, பிரைமரி, பெயர் டேட்டா. தாளில் நான்கு, இங்கே ஐந்து இருக்கிறதே என்று பதற வேண்டாம். அந்த 16 எம்பி பார்ட்டிஷனை டிஸ்க் மேனேஜ்மென்ட் காட்டாது, இன்ஸ்டாலர் காட்டும். டிஸ்க்கை 0-இலிருந்தும் பார்ட்டிஷனை 1-இலிருந்தும் எண்ணுவதும் வழக்கம்தான்.

100 எம்பி சிஸ்டம் பார்ட்டிஷனில்தான் பூட் கோப்புகள் இருக்கின்றன. கணினியில் வேறு இயங்குதளம் இருந்தால் அதன் பூட் கோப்புகளும் இங்கேதான். சின்னதாக இருக்கிறதே, குப்பையாக இருக்கும் என்று அழித்துவிடாதீர்கள்.

இதற்குமேல் உங்கள் நிலை எதுவோ அதைப் பொறுத்தது. பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும், டி அப்படியே இருக்க வேண்டும் என்றால், 200 ஜிபி வரியைத் தேர்ந்தெடுத்து 'டெலிட்' கொடுங்கள். அது 'அன்அலோகேட்டட்' ஆகிவிடும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்'. ஃபார்மட் செய்வதும் மீதி அமைப்பும் இன்ஸ்டாலரின் பொறுப்பு. டெலிட் அழுத்துவதற்கு முன் ஒரு முறை அளவை வாய்விட்டுப் படியுங்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் வேலை செய்கிறது.

டிஸ்க்கில் வைத்துக்கொள்ள எதுவுமே இல்லை என்றால், டிஸ்க் 0-வின் எல்லா வரிகளையும் ஒவ்வொன்றாக டெலிட் செய்து, ஒரே காலி வரியாக ஆக்கி 'நெக்ஸ்ட்' கொடுங்கள். 100 எம்பி, 16 எம்பி, ரெகவரி எல்லாவற்றையும் விண்டோஸே புதிதாக அமைத்துக்கொள்ளும். சுத்தமான நிறுவலுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். ஒன்று மட்டும்: கணினியை விற்ற நிறுவனம் தந்த ஃபேக்டரி ரெகவரி பார்ட்டிஷனும் இதில் போய்விடும், பழைய நிலைக்குத் திரும்பும் அந்த வசதி பிறகு கிடைக்காது. டிஸ்க் 1 என்று தொடங்கும் வரிகள் வேறு டிஸ்க் உடையவை. அவை செருகியிருக்கும் பென் டிரைவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது விண்டோஸ் போடுகிறவர்கள், நாம் சுருக்கி வைத்த 100 ஜிபி காலி வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும். டெலிட், ஃபார்மட் எதையும் தொட வேண்டாம்.

லினக்ஸ் என்றால்

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வேண்டுமென்றால் விண்டோஸை முதலில் போடுங்கள். பின்னால் வரும் விண்டோஸ் தன்னையே முதல் பூட்டாக வைத்துக்கொள்ளும். பின்னால் வரும் லினக்ஸ் வழக்கமாக இரண்டையும் காட்டும் மெனுவை அமைத்துத் தரும்.

உபுண்டு இன்ஸ்டாலர் சில தேர்வுகள் தரும். 'இரேஸ் டிஸ்க்' என்பது சி-யை மட்டும் அழிப்பதல்ல, அந்த டிஸ்க் மொத்தத்தையும் துடைத்துவிடும். டி-யில் இருந்த பத்து வருஷ ஃபோட்டோக்களும் அதில் அடக்கம். 'விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில்' என்ற தேர்வு புதியவர்களுக்குப் போதுமானது. காலி இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கையால் அமைக்கும் தேர்வுக்குப் போனால் பெயர்கள் மாறும். எஸ்டிஏ என்பது முதல் டிஸ்க், எஸ்டிஏ3 அதன் மூன்றாவது பார்ட்டிஷன். புதுவகை எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ0என்1பி3 என்று நீளமாக வரும், கடைசி எண்தான் பார்ட்டிஷன். அளவும் இங்கே குழப்பலாம். சில லினக்ஸ் கருவிகள் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுவதால், விண்டோஸில் 100 ஜிபி என்று பார்த்த இடம் 107 ஜிபி என்று தெரியும். இடம் அதேதான்.

அந்தக் காலி இடத்தில் லினக்ஸின் எக்ஸ்ட்4 வகையில் ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி, மவுன்ட் பாயின்ட்டாக (லினக்ஸுக்குள் அந்தப் பார்ட்டிஷன் வந்து சேரும் இடம்) ஒற்றைச் சாய்கோட்டைக் (/) கொடுங்கள். அதுதான் ரூட், லினக்ஸ் தங்கும் இடம். ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் இப்போது கட்டாயமில்லை, உபுண்டு 17.04-இலிருந்து ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் 'சிஸ்டம்' என்று காட்டும் அதே 100 எம்பி பார்ட்டிஷன்தான் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் 'ஃபார்மட்' கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் விண்டோஸின் பூட் கோப்புகள் அழிந்துவிடும். கெர்னல் என்னும் மையப் பகுதியையே ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் வைக்கும் சில லினக்ஸ்களுக்கு 100 எம்பி போதாது என்பதையும் கவனியுங்கள்.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுவதும் நல்லது. அது இயங்கினால் 'ஷட் டவுன்' செய்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனைத் திறந்தால் படிக்க முடியும், எழுத முடியாது.

இரண்டு டிஸ்க் இருந்தால்

எஸ்எஸ்டியில் நிறுவினாலும் பூட் கோப்புகள் பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்காருவது உண்டு, ஏற்கெனவே ஒன்று இருந்தால் இன்ஸ்டாலர் அதையே எடுத்துக்கொள்ளும். பல மாதம் கழித்து அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் எஸ்எஸ்டியும் பூட் ஆகாது, காரணமும் புரியாது. மேசைக் கணினி என்றால் நிறுவும் நேரத்தில் மற்ற டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். மடிக்கணினியில் பயாஸ் அமைப்பில் (கணினி துவங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையில்) அந்த டிஸ்க்கை முடக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டிஸ்க் உள்ளவர்கள் ஆளுக்கொரு டிஸ்க்காக விண்டோஸையும் லினக்ஸையும் வைத்து, ஒவ்வொன்றின் பூட் கோப்புகளும் அதனதன் டிஸ்க்கிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பிற்பாடு ஒன்றை எடுப்பது மிகச் சுலபம்.

பட்டியலில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைச் சிப்போ அதற்குப் பிந்தையதோ உள்ள பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பு எஸ்எஸ்டியை மறைத்துவிடும். மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து, விரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, யூஎஸ்பியில் செருகிய வெளி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் இன்ஸ்டாலர் மறுத்துவிடும். லினக்ஸுக்கு அந்தத் தடை இல்லை.

நிறுவி முடிந்ததும்

கோப்புகள் நகலாகி முதல் ரீஸ்டார்ட் வரும்போது பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் சில கணினிகள் மறுபடி அதிலிருந்தே பூட் ஆகி, பழையபடி மொழியைக் கேட்கும். உள்ளே போனதும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டி-யைக் காணோம் என்றால் பெரும்பாலும் எழுத்துதான் விட்டுப்போயிருக்கும். கட்டம் அங்கேயே இருக்கும், வலச்சொடுக்கி எழுத்து ஒன்று கொடுத்தால் கோப்புகள் எல்லாம் வந்துவிடும். அந்த நேரத்தில் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று விண்டோஸ் கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள்.

பழைய பார்ட்டிஷனை டெலிட் செய்யாமல் அதன் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால், சி-யில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் பல ஜிபியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே 'யூசர்ஸ்' ஃபோல்டரில் உங்கள் பழைய டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் இருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியின் தற்காலிகக் கோப்புகள் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள். சாதாரணமாக டெலிட் அழுத்தினால் அனுமதி இல்லை என்று மறுக்கும்.